63ஆம் எண் கோலி

மன்னார்குடியில் நாங்கள் இப்போது குடியிருக்கும் வீடு என் அம்மாச்சியின் வீடு. போன பொங்கலுக்கு முன்பு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பரணைக் காலி செய்தோம். பழைய பித்தளை அண்டாவுக்குள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் இருந்தது. தகர மூடி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு, துணியைச் சுற்றித் திருகியதும் திறந்துகொண்டது. உள்ளே என் கோலிகள்!

முறத்தில் கொட்டி எண்ணினேன். 63 இருந்தன. "அறுபத்து மூவரும் நம்ம வீட்டுலதான் இருந்திருக்காங்க" என்று என் மனைவி சிரித்தார்.

விடுமுறைக்கு வந்திருந்த பேத்திதான் யோசனை சொன்னாள். "தாத்தா, எல்லாத்தையும் ஒவ்வொண்ணா போட்டோ எடுத்து வெச்சுடலாம். அப்புறம் விளையாடுற பசங்க யாருக்காவது குடுத்துடுங்க. பரண்ல கெடந்து என்ன ஆகப் போவுது?" நியாயமான பேச்சு. நானும் சரி என்றேன். ஆனால் நான் நாற்பது வருஷம் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். ரிஜிஸ்டர் இல்லாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது. ஒரு நோட்டில் கோடு போட்டு ஐந்து கட்டம் பிரித்தேன்: வரிசை எண், வகை, நிறம், எப்படி வந்தது, குறிப்பு.

இந்த நான்காவது கட்டத்தில் நான் மாட்டிக்கொண்டதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் பிறந்தது 1950இல். அப்பாவுக்குக் காரைக்காலில் வேலை. 1739 முதல் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த ஊர் அது. 1954 நவம்பர் 1ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படி முழுதாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16இல்தான். இடைப்பட்ட அந்தக் காலத்தில் அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்த்தார். ப்ரெவே பரீட்சை வரைக்கும் எனக்கு எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். தமிழை அம்மாச்சியிடமும், அவருக்குப் படித்துக் காட்டிய வாரப் பத்திரிகைகளிலும் கற்றுக்கொண்டேன். விடுமுறை விட்டால் திருவாரூர் வழியாக பஸ் பிடித்து மன்னார்குடி வந்துவிடுவேன். காரைக்கால் பள்ளியில் கோலிக்குப் பெயர் 'பீய்'. மன்னார்குடித் தெருவில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே கோலி, இல்லாவிட்டால் குண்டு.

போட்டோ எடுப்பது சுலபம் என்று நினைத்தோம். அப்படி இல்லை. கோலி ஓரிடத்தில் நிற்காது, உருளும். பாட்டில் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையத்தை அடியில் வைத்து நிறுத்தினோம். அடுத்த தொல்லை பிரதிபலிப்பு. உருண்டைக் கண்ணாடி, சுற்றியுள்ள எல்லாவற்றையும் தன் மேல் காட்டும். முதலில் எடுத்த பத்துப் படத்திலும் கோலியின் நடுவில் பேத்தியின் கையும் போனும் குட்டியாகத் தெரிந்தன. பிறகு திண்ணை வெளிச்சத்தில், வெயில் நேரே படாமல் என் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினோம். போனைக் கறுப்புத் துணியில் சுற்றி, லென்ஸ் மட்டும் தெரிய ஒரு ஓட்டை விட்டாள். படம் சுத்தமாக வந்தது. அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு நயா பைசா வைத்தோம். 1957இல் தசம நாணயம் வந்தபோது வெளியான செப்பு நிறக் காசு. அகலம் 16 மில்லிமீட்டர்.

எடுக்க எடுக்க, பாட்டிலில் இருந்தது வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல என்பது புரிந்தது. அது ஒரு சின்னச் சரித்திரப் பெட்டி.

வரிசையில் முதல் ஐந்தும் மண் உருண்டைகள். வயல் களிமண்ணை உருட்டி, நிழலில் காயவைத்து, அம்மாச்சியின் அடுப்புத் தணலில் சுட்டவை. காவிரிக் கரைப் பிள்ளைகளுக்குக் களிமண்ணுக்கு என்ன பஞ்சம்? அடுத்த நான்கும் கழற்சிக்காய். முள்வேலிக் கொடியில் காய்க்கும் சாம்பல் நிற விதை. கல் மாதிரி கெட்டியாக இருக்கும். கண்ணாடி வருவதற்கு முன்னால் ஏழைப் பிள்ளைகளின் கோலி இதுதான். பெண் பிள்ளைகள் கழங்கு ஆடியதைச் சங்கப் பாடல்களே பேசுகின்றன. மூன்று, சைக்கிள் கடையில் கெஞ்சி வாங்கிய பால்ரஸ் குண்டுகள்.

மீதி அனைத்தும் கண்ணாடி. கண்ணாடி நம் கடற்கரைக்குப் புதிதல்ல. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கண்ணாடி மணி செய்திருக்கிறார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியது எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன்பே அந்த இடத்தின் அருமையைக் கண்டுகொண்டவர் ழுவோ துப்ரேய் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர்.

ஆனால் விளையாடுகிற கண்ணாடிக் கோலி மலிவாகக் கிடைக்க ஆரம்பித்தது வேறு வழியில். ஜெர்மனியில் லவுஷா என்ற ஊர் கண்ணாடி ஊதுகிறவர்கள் நிறைந்த ஊர். அங்கே 1846இல் கோலி வெட்டுவதற்கென்றே ஒரு கத்தரியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு முனையில் கிண்ணம் போல இருக்கும். உருகிய கண்ணாடிக் கம்பியை அதில் வைத்துத் திருகி வெட்டினால் உருண்டையாக விழும். 1900களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்து ஆக்ரன் நகரில் கிறிஸ்டென்சன் என்பவர் இயந்திரத்திலேயே கோலி செய்தார். 1950களில் ஜப்பான், உள்ளே பூவிதழ் வைத்த மாதிரி இருக்கும் பூனைக்கண் கோலிகளைக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்தது. எங்களிடம் அதற்குப் பூக்கோலி என்று பெயர். திருவிழாக் கடையில் காசுக்கு இத்தனை என்று எண்ணிக் கொடுப்பார்கள்.

இதுவரை ரிஜிஸ்டர் ஒழுங்காக ஓடியது. 'எப்படி வந்தது' கட்டத்தில் 'செய்தது', 'வாங்கியது', 'பேந்தாவில் ஜெயித்தது' என்று எழுதிக்கொண்டே போனேன்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தபோது பேத்தி ஒன்றைக் கவனித்தாள். கண்ணாடிக் கோலி ஒவ்வொன்றின் மேலும் நகக்குறி போலப் பிறைப் பிறையாகத் தழும்பு. கோலி கோலியை அடிக்கும்போது மேல்தோலுக்கு அடியில் ஏற்படும் விரிசல் அது. சும்மா பார்த்தால் தெரியாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். எந்தக் கோலி எவ்வளவு ஆடியது என்பதற்கு அதுவே கணக்கு. என் அடிகோலியின் உடம்பு முழுக்கப் பிறைதான்.

கடைசியாக 63ஆம் எண். மற்றவற்றை விட்டுத் தனியாக, ஒரு சின்னத் துணி முடிச்சில் இருந்தது. இளம்பச்சை நிறம். பூ இல்லை, கோடு இல்லை. வெளிச்சத்தில் பிடித்தால் குளத்துத் தண்ணீர் மாதிரி இருக்கும்.

"இதுதானே பிரான்ஸ் கோலி?" என்று என் மனைவி கேட்டார். எங்கள் வீட்டில் அப்படித்தான் அதற்குப் பெயர். காரைக்கால் துறைமுகத்தில் ஒரு பிரெஞ்சு மாலுமி எனக்குக் கொடுத்தது என்பது கதை. கல்யாணமான புதிதில் மனைவியிடமும், பிறகு பிள்ளைகளிடமும் நான் சொன்ன கதைதான்.

பேத்தி படத்தைப் பெரிதாக்கினாள். "தாத்தா, இதுல ஒரு பிறை கூட இல்லியே. இத வெச்சு நீங்க ஆடவே இல்லியா?" கொஞ்ச நேரம் போனில் எதையோ தேடிப் பார்த்துவிட்டு, "இது சோடா பாட்டில் கோலி மாதிரி இருக்கே தாத்தா" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. காபி குடிக்க எழுந்து போய்விட்டேன். அந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால், சோடா பாட்டிலின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

தண்ணீரில் கேஸ் ஏற்றும் வழியை 1767இல் கண்டவர் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி. 1783இல் ஜெனீவா நகரில் ஷ்வெப் என்பவர் அதை வியாபாரமாக்கினார். ஆனால் கேஸை பாட்டிலுக்குள் அடைத்து வைப்பது பெரும்பாடாக இருந்தது. கார்க் காய்ந்து சுருங்கினால் கேஸ் போய்விடும். அதற்காகவே அடி கூராக, நிற்க வைக்க முடியாதபடி முட்டை வடிவத்தில் பாட்டில் செய்தார்கள். படுத்தே கிடந்தால் கார்க் நனைந்தே இருக்குமல்லவா?

இதற்கு நல்ல தீர்வு கண்டவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். 1872இல் அவர் காப்புரிமை பெற்ற பாட்டில்தான் நம் கோலி சோடா பாட்டில். கனமான கண்ணாடி, கழுத்தில் ஒரு இடுக்கு, வாய்க்குள் ரப்பர் வளையம், உள்ளே ஒரு கோலி. பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து கேஸ் ஏற்றினால் கோலி வாய்ப்பக்கம் விழும். உள்ளிருக்கும் அழுத்தம் அதை ரப்பரோடு சேர்த்து இறுக்கிவிடும். கார்க்கும் வேண்டாம், கம்பியும் வேண்டாம். குடிக்கும்போது கோலியை அழுத்தினால் 'டப்'. கோலி கழுத்துப் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வழி விடும்.

1892இல் அமெரிக்காவில் வில்லியம் பெயின்டர் பல்பல்லான தகர மூடியைக் கண்டுபிடித்தார். மேல்நாடுகள் மெல்ல மெல்ல அதற்கு மாறிவிட்டன. நாம் விடவில்லை, ஜப்பானும் விடவில்லை. அங்கே 'ராமுனே' என்ற பெயரில் இன்றும் கோலி பாட்டில் விற்கிறது. நம் நாட்டில் உத்தரப் பிரதேசத்தின் சாஸ்னியில் இந்த பாட்டிலைச் செய்துவந்தார்கள். இங்கே சோடா, பன்னீர் சோடா, கலர் என்று ஊருக்கு ஊர் சின்னச் சின்னக் கம்பெனிகள். 1977இல் கோக்கோ கோலா நாட்டை விட்டுப் போய், 1993இல் திரும்பி வந்த பிறகு இவை பாதி படுத்துவிட்டன. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை ஒட்டி வணிகர்கள் வெளிநாட்டு பானங்களைப் புறக்கணித்தபோது கோலி சோடாவுக்கு மறுபடியும் கொஞ்சம் மவுசு வந்தது.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று. அந்தக் கோலியை வெளியே எடுக்க முடியாது. வாய் குறுகல், கோலி பெரிது. எடுக்க வேண்டுமானால் பாட்டிலை உடைக்க வேண்டும். இங்கிலாந்தில் அந்தக் காலத்து பாட்டில்கள் அபூர்வமாகிப்போனதற்கு ஒரு காரணம், கோலிக்காகப் பிள்ளைகள் உடைத்துத் தள்ளியதுதான் என்கிறார்கள். ஆக, ஒரு பையன் கையில் சோடா கோலி இருக்கிறதென்றால், எங்கேயோ ஒரு பாட்டில் உடைந்திருக்கிறது. சோடாவைவிட பாட்டில்தான் கடைக்காரருக்கு முதல். ஒரே பாட்டிலை வருஷக்கணக்கில் கழுவிக் கழுவி நிரப்புவார். உடைந்தால் அந்த நஷ்டம் யார் தலையிலாவது விழுந்தாக வேண்டும்.

அது 1961ஆம் வருஷம், பங்குனி மாதம். எனக்குப் பாஸ்கா விடுமுறை. ராஜகோபால சுவாமி கோயிலில் 18 நாள் உற்சவம் நடந்துகொண்டிருந்தது. வெண்ணெய்த்தாழி அன்று ஊரே தெருவில் நிற்கும். தவழும் கண்ணனாகப் பெருமாள் வெண்ணெய்க் குடத்தோடு வருவார். ஜனங்கள் அவர் மேல் வெண்ணெயை வீசுவார்கள். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். சோடாக்கடைகளில் கூட்டம் நெரியும்.

உற்சவத்துக்காகத் தெருவோரம் போட்டிருந்த ஒரு சோடாக்கடையில் ஒரு பையன் வேலை செய்தான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன் இருப்பான். வாளித் தண்ணீரில் பாட்டில்களைப் போட்டுத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடுவான். நான் கடை முன்னால் வேடிக்கை பார்த்து நிற்பதைக் கண்டால், காலி பாட்டிலை என் காதருகே கொண்டுவந்து கடகடவென்று ஆட்டிக் காட்டுவான். "ஒடைச்சாத்தான் வரும். கோலி போச்சுன்னா பாட்டில் போச்சுடா" என்பான்.

அன்று மதியம் கூட்டம் சாமி பார்க்கத் திரும்பிய நேரம். கடைக்குப் பின்னால் மரப்பெட்டியில் அடுக்கியிருந்த காலி பாட்டில்களில் ஒன்றை எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டேன். ஹரித்ராநதிக் கரைக்கு ஓடி, படிக்கல்லில் கழுத்தை ஓங்கி அடித்தேன். இடது கட்டைவிரலில் கண்ணாடி கிழித்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கோலி தண்ணீரில் விழாமல் படியிலேயே உருண்டு நின்றது. வெண்ணெய் திருடிய பிள்ளைக்கு ஊரே வெண்ணெய் வீசிக் கொண்டாடிய நாளில், நான் திருடனாகி வீடு திரும்பினேன்.

சாயங்காலம் மறுபடியும் அந்தப் பக்கம் போனேன். எதற்குப் போனேனோ! முதலாளி பெட்டியைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒண்ணு கொறையுதே" என்றார். பையன் விழித்தான். பளீரென்று ஒரு அறை விழுந்தது. "ஒன் சம்பளத்துல புடிச்சுக்கிறேன்" என்றார். நான் பத்தடி தள்ளி நின்றேன். கை டிராயர் பைக்குள் கோலியை இறுக்கிப் பிடித்திருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாளும் அவன் கடையில் இருந்தான். கன்னம் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் வழக்கம்போல ஒரு காலி பாட்டிலைக் காதருகே ஆட்டிக் காட்டிச் சிரித்தான். நான் ஓடிவந்துவிட்டேன். அடுத்த வருஷ உற்சவத்தில் அந்தக் கடையில் வேறு பையன்.

கோலி எங்கிருந்து வந்தது என்று மாமா பிள்ளைகள் கேட்டபோதுதான் மாலுமி பிறந்தான். காரைக்காலிலிருந்து வந்தவன் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? அந்தக் கோலியை வைத்து ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. ஆட மனசு வரவில்லை. தூக்கிப் போடவும் வரவில்லை. 64 வருஷமாகத் துணி முடிச்சிலேயே இருந்துவிட்டது. பிறை ஒன்றுகூட விழாததற்குக் காரணம் அதுதான்.

காபி குடித்துவிட்டு வந்து, இதையெல்லாம் திண்ணையிலேயே மனைவியிடமும் பேத்தியிடமும் சொன்னேன். பேத்தி, "நீங்க அப்ப சின்னப் பையன்தானே தாத்தா" என்றாள். என் மனைவி அப்படிச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பையன் பேரு என்ன?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. 1872இல் லண்டனில் பாட்டில் செய்தவர் பெயர் தெரிகிறது. தகர மூடி செய்தவர் பெயர் தெரிகிறது. தினமும் என் காதருகே பாட்டிலை ஆட்டிக் காட்டியவன் பெயரை நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. சரித்திரம் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற தப்பைத்தான் நானும் செய்திருக்கிறேன். கண்டுபிடித்தவர், காப்புரிமை வாங்கியவர் பெயர்கள் எழுத்தில் இருக்கின்றன. கழுவியவன், தூக்கியவன், அடி வாங்கியவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

பேத்தி 63ஆம் எண்ணைக் கடைசியாக ஒரு தரம் படம் எடுத்தாள். நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, "என்ன எழுதட்டும்?" என்றாள். சொன்னேன், எழுதிக்கொண்டாள்:

"எண் 63. சோடா பாட்டில் கோலி. இளம்பச்சை. மன்னார்குடி, 1961 பங்குனி, வெண்ணெய்த்தாழி. வாங்கியதல்ல, ஜெயித்ததல்ல, திருடியது. பாட்டிலுக்கான பணம் கடைப் பையனின் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. குறிப்பு: பையன் பெயர் கேட்கப்படவில்லை."

மற்ற 62 கோலிகளையும் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். முதல் நாளே இரண்டைத் தொலைத்துவிட்டார்கள் என்று கேள்வி. நல்லது, கோலி என்றால் தொலைய வேண்டும். 63ஆவது மட்டும் என் மேஜை மேல் இருக்கிறது.

மன்னார்குடி சுற்றுவட்டார வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1961 பங்குனி உற்சவத்தில் சோடாக்கடையில் வேலை பார்த்ததாக உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது சொல்லியிருக்கிறாரா? ஒரு பாட்டில் குறைந்ததற்காக அடி வாங்கினேன் என்று எப்போதாவது சொன்னதுண்டா? இருந்தால் இப்போது அவருக்கு எழுபத்தேழு வயதுக்குப் பக்கம் இருக்கும். பாட்டிலை எடுத்தது நீங்கள் இல்லை என்று ஒருவனுக்குத் தெரியும் என அவரிடம் சொல்லுங்கள். பெயரையும் கேட்டுச் சொல்லுங்கள். நோட்டில் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன்.